ஒரே உரையில் இரண்டு ஆப்பிரிக்கா

(ஒரு நூலக வாசகர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் "ராணுவச் செலவும் மனித உயிரும்" என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு கணக்கோடு வருவார்கள். ஒரு போர் விமானத்தின் விலையில் இத்தனை பள்ளிக்கூடம், ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் விலையில் இத்தனை ஆஸ்பத்திரி. அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவரே 1953 ஏப்ரலில் இப்படி ஒரு கணக்குப் போட்டுப் பேசினார். போர்த் தளபதியாக இருந்தவர் வாயிலிருந்து வந்ததால் இன்றைக்கும் அதை எடுத்துக்காட்டுகிறோம். கேட்டால் மனம் உருகும், கைதட்டல் கிடைக்கும். ஆனால் அந்தக் கணக்கால் ஒரு டாலர்கூட ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போனதாக எனக்குத் தெரியவில்லை. ஏன் போகவில்லை என்பதைத்தான் இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

அதற்கு ஒரு நோயையும் ஒரு போரையும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் ஒரே இரவில், ஒரே மேடையில், ஒரே மனிதரின் வாயிலிருந்து வந்தவை.

2003 ஜனவரி 28. அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் முன்னால் அதிபர் ஜார்ஜ் புஷ் தன் ஆண்டு உரையை நிகழ்த்துகிறார். அந்த உரையில் ஆப்பிரிக்கா இரண்டு வேடத்தில் வருகிறது. முதலில் நோயாளியாக. அந்தக் கண்டத்தில் ஏறத்தாழ 3 கோடிப் பேருக்கு எச்.ஐ.வி. தொற்று, 40 லட்சம் பேருக்கு மேல் உடனே மருந்து வேண்டும், கிடைப்பது வெறும் 50,000 பேருக்கு என்றார். ஐந்து ஆண்டுகளில் 1,500 கோடி டாலர் தாருங்கள் என்று கேட்டார். அதுதான் பிறகு 'பெப்ஃபார்' என்று பெயர் பெற்ற எய்ட்ஸ் நிவாரணத் திட்டம். சற்று நேரம் கழித்து அதே ஆப்பிரிக்கா மறுபடி வருகிறது, இந்த முறை குற்றவாளிக்குச் சரக்கு விற்கும் இடமாக. ஈராக் அதிபர் சதாம் உசேன் அங்கிருந்து யுரேனியம் வாங்க முயன்றதாகப் பிரிட்டிஷ் அரசு அறிந்திருக்கிறது என்றார்.

அந்த இரண்டு ஆப்பிரிக்காவுக்கும் என்ன நேர்ந்தது என்று பாருங்கள்.

நோயாளி ஆப்பிரிக்காவுக்கு நியாயம் கேட்டு அதற்கு முன்பே பல ஆண்டுகளாகப் பலர் மன்றாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்விகள் கொஞ்சநஞ்சமல்ல. மருந்து கொடுத்தால் ஒழுங்காகச் சாப்பிடுவார்களா? பாதியில் நிறுத்தினால் கிருமிக்கு எதிர்ப்பு சக்தி வந்துவிடாதா? அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யூ.எஸ்.எய்டின் தலைவராக இருந்த ஆண்ட்ரூ நாட்சியோஸ் 2001-இல் ஒரு விளக்கம் சொன்னார். ஆப்பிரிக்கர்களுக்குக் கடிகார நேரம் தெரியாது, பகல் இரவு என்றுதான் தெரியும், ஆகவே நேரத்துக்கு மருந்து சாப்பிட வைப்பது நடக்காத காரியம் என்ற பொருளில். பதவியில் இருந்த ஒரு பெரிய மனிதர் பகிரங்கமாகச் சொன்னது இது. ஐந்து ஆண்டுகள் கழித்து மருத்துவ ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொள்வதில் ஆப்பிரிக்க நோயாளிகள் வட அமெரிக்க நோயாளிகளைவிட மேலாகவே இருந்தார்கள். சாகக் கிடந்தவர்கள் தங்களுக்கு மணி பார்க்கத் தெரியும் என்பதை நிரூபிக்க வேண்டியிருந்தது.

யுரேனியம் ஆப்பிரிக்காவுக்கு இப்படி யாரும் சான்று கேட்கவில்லை. கேட்ட சிலரின் குரல் எடுபடவில்லை. அந்த வாக்கியம் உரையில் இடம்பெற்றிருக்கக் கூடாது என்று அதே ஆண்டு ஜூலையில் வெள்ளை மாளிகையே ஒப்புக்கொண்டது. அதற்குள் ஈராக் போர் தொடங்கி நான்கு மாதம் ஆகிவிட்டது. அடுத்த ஆண்டு, அமெரிக்காவே அனுப்பிய ஆய்வுக் குழு, ஈராக்கில் பேரழிவு ஆயுதக் கிடங்கு எதுவும் இருக்கவில்லை என்று அறிக்கை கொடுத்தது.

செலவு விஷயத்திலும் இதே கதைதான். புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே 2002 செப்டம்பரில் ஒரு நாளிதழிடம், இந்தப் போருக்கு 10,000 கோடியிலிருந்து 20,000 கோடி டாலர் வரை ஆகலாம் என்றார். வெள்ளை மாளிகைக்குக் கோபம் வந்தது. பட்ஜெட் அலுவலகத்தின் தலைவர் 5,000 கோடி, 6,000 கோடிதான் ஆகும் என்று மறுத்தார். டிசம்பரில் லிண்ட்சே பதவியிலிருந்து அனுப்பப்பட்டார். நாடாளுமன்றத்தின் ஆய்வுப் பிரிவு 2014 வரை கூட்டிப் பார்த்தபோது ஈராக் செலவு 81,500 கோடி டாலர். அதிகமாகச் சொன்னார் என்று வேலையை இழந்தவர் சொன்னதைவிட நான்கு மடங்குக்கு மேல்! காயம்பட்ட வீரர்களின் ஆயுட்கால மருத்துவச் செலவு, கடனுக்கான வட்டி எல்லாவற்றையும் சேர்த்தால் 3 லட்சம் கோடி டாலர் என்று ஆய்வாளர்கள் ஸ்டிக்லிட்ஸும் பில்ம்ஸும் 2008-லேயே எழுதினார்கள். உயிர்களைப் பொறுத்தவரை, அமெரிக்க வீரர்கள் சுமார் 4,500 பேர். பெயர், இடம், தேதி என்று ஆவணப்படுத்தப்பட்ட ஈராக்கியப் பொதுமக்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல்.

பெப்ஃபார் பக்கம் வருவோம். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன மொத்தச் செலவு 10,000 கோடி டாலருக்கு மேல். அது 2.5 கோடி உயிர்களைக் காப்பாற்றியதாக அமெரிக்க அரசு சொல்கிறது. தன் திட்டத்தைத் தானே புகழ்ந்துகொள்ளும் அரசுக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம் என்றால் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பெண்டாவிட், பட்டாச்சார்யா இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். திட்டம் நடந்த ஆப்பிரிக்க நாடுகளையும் நடக்காத நாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். 2004 முதல் 2007 வரை சுமார் 12 லட்சம் சாவுகள் தவிர்க்கப்பட்டன, ஒரு சாவைத் தவிர்க்க ஆன செலவு ஏறத்தாழ 2,450 டாலர் என்பது அவர்கள் கண்ட முடிவு. அவர்களில் இரண்டாமவரான ஜெய் பட்டாச்சார்யா 2025-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார ஆய்வு நிறுவனத்தின் தலைவரானார். எந்த அரசில் என்று பிறகு சொல்கிறேன்.

அந்த மருந்து எங்கிருந்து போனது என்பதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. காப்புரிமை வைத்திருந்த கம்பெனிகள் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தன. மும்பையின் சிப்லா நிறுவனம், யூசுப் ஹமீதின் தலைமையில், 2001 பிப்ரவரியில் அதே கூட்டு மருந்தை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. நம் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராமல் தயாரிப்பு முறைக்கு மட்டுமே தந்ததால் இது முடிந்தது. உகாண்டாவின் டாக்டர் பீட்டர் முகியென்யி அந்த மருந்தைத் துணிந்து தன் நாட்டுக்கு வரவழைத்தார். புஷ் உரையாற்றிய அந்த இரவு, பார்வையாளர் மாடத்தில் அதிபரின் மனைவிக்கு அருகில் உட்கார வைக்கப்பட்டிருந்தவர் அவர்தான். விலை 12,000 டாலரிலிருந்து 300-க்குக் கீழே இறங்கிவிட்டது, இனிமேல் சாத்தியம் என்று புஷ்ஷால் சொல்ல முடிந்ததற்குக் காரணம் இந்திய மருந்து. உரையில் இந்தியாவின் பெயர் இல்லை. போகட்டும்.

நம் ஊரையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-இல் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் கண்டறிந்தார்கள். ரத்த மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து வேலூருக்கு ரயிலில் எடுத்துப்போய்ச் சோதித்தார்கள். 1995-இலிருந்து பல ஆண்டுகள் யூ.எஸ்.எய்டின் பணம், அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனை வழியாகத் தமிழ்நாடு முழுவதும் எய்ட்ஸ் தடுப்புப் பணிக்குச் செலவானது. 'புள்ளி ராஜா' எய்ட்ஸ் விளம்பரம் சுவரெல்லாம் இருந்த காலம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 2004 ஏப்ரலில் தாம்பரம் சானடோரியத்தில் எச்.ஐ.வி.க்கான இலவச ஏ.ஆர்.டி. மருந்து தொடங்கியது. ஆகவே வெளிநாட்டு உதவி என்பது எங்கேயோ கறுப்பர் நாட்டில் நடக்கிற விஷயம் என்று இந்தக் கூடத்தில் யாரும் நினைக்க வேண்டாம். அது நம் தெரு வரைக்கும் வந்து போயிருக்கிறது.

உதவியில் அழுக்கு இல்லை என்றும் நான் சொல்ல வரவில்லை. பெப்ஃபாரின் தடுப்புப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திருமணம் வரை பிரம்மச்சரியம், ஒருவனுக்கு ஒருத்தி என்ற பிரசாரத்துக்குத்தான் செலவிட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். 140 கோடி டாலர் அப்படிப் போனது. மக்களின் நடத்தையில் அதனால் எந்த மாற்றமும் இல்லை என்று 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. வாக்கு வங்கிக்காக வீணான பணம்தான் அது. ஆனால் வீணானது நமக்கு எப்படித் தெரிந்தது? யாரோ அளந்து பார்த்ததால் தெரிந்தது. உதவித் திட்டம் என்றால் அளப்பார்கள்.

இனி தென்னாப்பிரிக்காவுக்குப் போவோம். விமானமா மருந்தா என்ற கேள்வி மேடைப் பேச்சாக இல்லாமல் ஒரே அமைச்சரவையின் மேசைக்கு வந்த இடம் அது.

நிறவெறி ஆட்சி ஒழிந்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. பக்கத்து நாடுகளில் எதிரி என்று யாரும் இல்லை. 1999 டிசம்பரில் அந்த அரசு சுமார் 3,000 கோடி ராண்டுக்கு ஆயுத ஒப்பந்தம் செய்தது. கிரிப்பன் போர் விமானங்கள், ஹாக் பயிற்சி விமானங்கள், நான்கு போர்க்கப்பல்கள், மூன்று நீர்மூழ்கிகள். அதே காலத்தில் அதே அரசு, எய்ட்ஸ் மருந்து கட்டுப்படியாகாது என்றும், அதில் நச்சு இருக்கிறது என்றும் சொல்லிக்கொண்டிருந்தது. அதிபர் தாபோ எம்பெக்கி எய்ட்ஸுக்குக் காரணம் எச்.ஐ.வி.தானா என்றே சந்தேகப்பட்டார். ஸாக்கி அக்மத் என்ற செயல்பாட்டாளர், தானும் தொற்றுள்ளவர், ஏழைகளுக்கு அரசு மருத்துவமனையில் கிடைக்கும் வரை நானும் மருந்தைத் தொடமாட்டேன் என்று ஆண்டுக்கணக்கில் இருந்தார். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தைத் தரவேண்டும் என்று 2002 ஜூலையில் அரசமைப்புச் சட்ட நீதிமன்றம் உத்தரவிட்டது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பொதுவாக இங்கேயே நிறுத்தி, பார்த்தீர்களா, விமானம் வாங்கியதால் மருந்துக்குப் பணம் இல்லை என்று முடிப்பார்கள். அது தவறு. நெவிரபினைத் தயாரித்த கம்பெனி 2000-ஆம் ஆண்டிலேயே அதை ஐந்து ஆண்டுகளுக்கு இலவசமாகத் தருவதாகச் சொல்லியிருந்தது! இலவசமாக வந்த மருந்தைத்தான் அரசு கொடுக்காமல் வைத்திருந்தது. விமானம் வாங்காமல் இருந்திருந்தாலும் அந்த மருந்து அந்தத் தாய்மாருக்குப் போயிருக்காது. 2000 முதல் 2005 வரையிலான அந்தத் தாமதத்தால் 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். வாங்கிய 26 கிரிப்பனில் 12-ஐ ஓட்ட ஆளும் பணமும் இல்லாமல் 2013-இல் மூடி வைத்தார்கள். ஆயுத ஒப்பந்த ஊழலில் இடைத்தரகர் ஒருவர் சிறைக்குப் போனார்.

ஆக, பணம் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குத் தானாகப் போகாது. இதற்கு இன்னும் பெரிய சான்று இருக்கிறது. பனிப்போர் முடிந்ததும் உலகமே ராணுவச் செலவைக் குறைத்தது. 1980-களின் இறுதியோடு ஒப்பிட்டால் பத்து ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. அந்த மிச்சம் ஏழை நாடுகளுக்குப் போகும் என்று அறிஞர்கள் எழுதினார்கள். நடந்தது என்ன? பணக்கார நாடுகளின் உதவி 1992-இல் அவற்றின் தேசிய வருமானத்தில் 0.33 சதவீதமாக இருந்தது, 1997-இல் 0.22 சதவீதமாகச் சுருங்கியது. 0.7 சதவீதம் தரவேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970-லேயே தீர்மானம் போட்டிருந்தது. சோவியத் யூனியனுக்குப் பயந்து கொடுத்த உதவியில் ஒரு பகுதி, பயம் போனதும் போய்விட்டது. துப்பாக்கிக்கான செலவு குறைந்தபோதும் உதவி குறைந்தது, கூடியபோதும் குறைகிறது.

இங்கே எதிர்த் தரப்புக்காகவும் நான் கொஞ்சம் வாதாட வேண்டும். இல்லையென்றால் இது பிரசாரக் கூட்டம் ஆகிவிடும்.

1994 ஏப்ரலில் ருவாண்டாவில் ஐ.நா. அமைதிப்படை வீரர்கள் சுமார் 2,500 பேர் இருந்தார்கள். கனடா நாட்டுத் தளபதி ரோமியோ டலேர் தலைமை. படுகொலை தொடங்கியதுமே பெல்ஜிய வீரர்கள் பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள். பெல்ஜியம் தன் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 5,000 வீரர்களும் அதிகாரமும் கொடுங்கள், இதைத் தடுத்துவிடலாம் என்று டலேர் கேட்டார். பாதுகாப்பு அவை ஏப்ரல் 21-இல் ஒரு தீர்மானம் போட்டு, இருந்த படையை 270 ஆகக் குறைத்தது. நூறு நாளில் சுமார் 8 லட்சம் பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஜூலையில் அகதிகள் எல்லை தாண்டிக் கோமா நகருக்குப் போனார்கள். அங்கே காலரா பரவியது, உலகத்தின் உதவி வெள்ளமாக வந்தது. அந்த முகாம்களில் உதவிப் பொருளை வாங்கி விநியோகித்தவர்கள் யார்? படுகொலையை நடத்திய அதே கும்பலின் தலைவர்கள். கொலைகாரர்களுக்குச் சோறு போட மாட்டோம் என்று எல்லைகளற்ற மருத்துவர்களின் பிரெஞ்சுப் பிரிவு அந்த ஆண்டு இறுதியில் முகாம்களைவிட்டு வெளியேறியது.

அந்த ஏப்ரல் மாதத்தில் ருவாண்டாவுக்கு வேண்டியிருந்தது மருந்து இல்லை, அரிசி இல்லை. துப்பாக்கி பிடித்த 5,000 பேர். உயிர் காக்கும் செலவு எது என்ற கேள்விக்குச் சில நேரம் ராணுவம் என்பதே பதில். 2004 சுனாமியின்போது சில நாட்களுக்குள் இலங்கைக் கரையில் இந்தியக் கடற்படைக் கப்பல்கள் நின்றன. இந்தோனேசியாவின் ஆச்சேவுக்கு அமெரிக்காவின் விமானந்தாங்கிக் கப்பல் போனது. ஹெலிகாப்டரும் கப்பலும் அவர்களிடம்தான் இருந்தன. இன்று உக்ரைன் மக்களிடம் போய், ஆயுதத்துக்குப் பதில் போர்வை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அப்படியானால் ராணுவத்தையும் உதவியையும் எந்த அளவில் ஒப்பிடுவது? ஒரே எடைக்கல்லால் இரண்டு தட்டையும் நிறுக்க வேண்டும் என்பதுதான் என் வாதம், என் ஒரே வாதம். இந்தச் செலவால் எத்தனை உயிர் மிஞ்சும், அதற்குச் சான்று என்ன, தவறினால் யார் பொறுப்பு? மருந்துக்குப் பணம் கேட்பவரிடம் இந்த மூன்றையும் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். போருக்குப் பணம் கேட்பவரிடம் ஒன்றைக்கூடக் கேட்பதில்லை. அவர் 'பாதுகாப்பு' என்றதும் வாயை மூடிக்கொள்கிறோம்.

2025-ஆம் ஆண்டு இதைப் பச்சையாகக் காட்டியது. பிப்ரவரி 25-இல் லண்டனில் பிரதமர் கியர் ஸ்டார்மர் ஓர் அறிவிப்புச் செய்தார். ராணுவச் செலவு 2027-இல் நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயரும், அதற்கான பணம் வெளிநாட்டு உதவியை 0.5 சதவீதத்திலிருந்து 0.3 சதவீதமாகக் குறைத்து எடுக்கப்படும். பணம் தானாக இடம் மாறாது என்றேனே, மனம் வைத்தால் மாற்றலாம். இங்கே மாற்றினார்கள், ஆண்டுக்குச் சுமார் 600 கோடி பவுண்ட். திசைதான் வேறு. வளர்ச்சித் துறை அமைச்சர் அன்னலீஸ் டாட்ஸ் மூன்றாம் நாள் ராஜினாமா செய்தார். ராணுவச் செலவை உயர்த்துவதை அவர் எதிர்க்கவில்லை. முழுச் சுமையையும் உதவியின் தலையில் மட்டும் ஏற்றுவதையே எதிர்த்தார். எனக்கு அவர் நிலைப்பாடு சரியாகப் படுகிறது. வரி, கடன், மற்ற துறைகள் என்று பணம் எடுக்க எத்தனையோ இடம் இருந்தது. வாக்குரிமை இல்லாதவனின் பங்கில் கைவைத்தார்கள், ஏனென்றால் அவன் அடுத்த தேர்தலில் பழிவாங்க முடியாது.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் கொடுமை. ஜனவரி 20-இல் பதவியேற்ற அன்றே அதிபர் டிரம்ப் வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்திவைத்தார். நான்கு நாளில் வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு போனது. உயிர் காக்கும் உதவிக்கு விலக்கு என்று 28-ஆம் தேதி காகிதத்தில் வந்தது. ஆனால் பணம் பட்டுவாடா செய்யும் முறையே முடங்கியிருந்ததால் பல ஊர்களில் மருந்தகங்கள் பூட்டியே கிடந்தன. ஏன் நிறுத்தினீர்கள் என்றதற்கு அதே 28-ஆம் தேதி வெள்ளை மாளிகை சொன்ன காரணங்களில் ஒன்று, காஸாவுக்கு 5 கோடி டாலருக்கு ஆணுறை அனுப்பப் பார்த்தார்கள் என்பது. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. மொசாம்பிக் நாட்டிலும் காஸா என்று ஒரு மாகாணம் இருக்கிறது, அங்கே எச்.ஐ.வி. பணி நடந்துகொண்டிருந்தது. நான் சொல்வதில் சில தவறாக இருக்கும் என்று, அரசுச் செலவைக் குறைக்க டிரம்ப் அமர்த்திய எலான் மஸ்க் இரண்டு வாரம் கழித்துச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். பெப்ஃபார் லட்சக்கணக்கான சாவுகளைத் தடுத்தது என்று எழுதிய பட்டாச்சார்யா தலைமைப் பொறுப்பில் அமர்ந்தது இந்த அரசில்தான்.

இதோடு செங்கடலில் நடந்த ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள். அதே ஆண்டு ஏப்ரல் 28-இல் அமெரிக்காவின் ஹாரி ட்ரூமன் கப்பலில் ஒரு சூப்பர் ஹார்னெட் போர் விமானத்தை இழுவை வண்டி கட்டி இழுக்கும்போது, அது வண்டியோடு சேர்ந்து கடலில் விழுந்துவிட்டது. விலை 6 கோடி டாலருக்கு மேல். எட்டு நாள் கழித்து, மே 6-இல், அதே கப்பலிலிருந்து இன்னொன்றும் விழுந்தது. கடற்படையை 90 நாள் நிறுத்திவைக்கலாமா என்று யாரும் பேசவில்லை. பேசியிருந்தால் பைத்தியம் என்பார்கள், சரியாகவே சொல்வார்கள். விபத்து நடக்கும், அதற்காக ஒரு துறையையே மூட முடியுமா? உதவித் துறையை மட்டும் நடக்காத ஒன்றைச் சொல்லி மூட முடிந்தது. அமெரிக்க ராணுவத் தலைமையகம் 2018-இலிருந்து 2024 வரை ஏழு ஆண்டுகளும் தன் கணக்குத் தணிக்கையில் தேறவில்லை. ஏழு முறை தோற்ற மாணவனுக்கு உதவித்தொகையை உயர்த்திக் கொடுப்பது போல, 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டம் ராணுவத்துக்குக் கூடுதலாகச் சுமார் 15,000 கோடி டாலர் ஒதுக்கியது. மூன்று நாள் முன்னால், ஜூலை 1-இல், யூ.எஸ்.எய்டு அதிகாரபூர்வமாக மூடப்பட்டிருந்தது. இப்படியே போனால் 2030-க்குள் 1.4 கோடிப் பேர் கூடுதலாக இறக்கக்கூடும் என்று லான்செட் இதழின் ஆய்வு கணித்தது. கணிப்புதான், கூடலாம், குறையலாம். பாதியென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு உதவி அமெரிக்க பட்ஜெட்டில் சுமார் ஒரு சதவீதமாகத்தான் இருந்தது. எவ்வளவு இருக்கும் என்று அமெரிக்கர்களைக் கேட்ட கருத்துக்கணிப்பில் சராசரி விடை 26 சதவீதம். அந்த அறியாமையின் மேல்தான் அரசியல் நடக்கிறது. உலகக் கணக்கு இது: 2024-இல் ராணுவச் செலவு 2,71,800 கோடி டாலர், பணக்கார நாடுகள் தந்த மொத்த உதவி சுமார் 21,200 கோடி. பதின்மூன்றில் ஒரு பங்கு. அதிலும் ஒரு பகுதி அவர்கள் நாட்டுக்குள்ளேயே அகதிகளைத் தங்கவைக்கும் ஹோட்டல் வாடகைக்குப் போகிறது.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அந்த ஜூலை மாதத்திலேயே பெப்ஃபாரிலிருந்து 40 கோடி டாலரைப் பறிக்க அரசு கேட்டபோது, ஆளும் கட்சியின் செனட்டர்களே மறுத்து அந்த வரியை நீக்கினார்கள். இருபது ஆண்டுகளாகச் சேர்ந்த ஆய்வுகள் அவர்கள் மேசையில் இருந்தன. தேவாலயங்களிலிருந்தும் குரல் வந்தது. அளந்து வைத்த திட்டத்தை அழிப்பது கொஞ்சம் கடினம். நைஜீரிய நாடாளுமன்றம் தன் பட்ஜெட்டிலிருந்தே 20 கோடி டாலர் கூடுதலாகச் சுகாதாரத்துக்கு எடுத்து வைத்தது. பட்ஜெட்டில் 15 சதவீதம் சுகாதாரத்துக்கு என்று ஆப்பிரிக்கத் தலைவர்கள் 2001-இல் அபுஜாவில் கொடுத்த வாக்கைப் பெரும்பாலான நாடுகள் காப்பாற்றவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தன் மக்களின் உயிரை இன்னொரு நாட்டின் தேர்தல் முடிவில் கட்டிவைப்பது எந்த அரசுக்கும் அழகில்லை.

கடைசியாக, கேள்வி நேரத்தில் நிச்சயம் வரப்போகும் கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். நம் நாடு எப்படி? 2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய், சுகாதார அமைச்சகத்துக்குச் சுமார் ஒரு லட்சம் கோடி. இதை வைத்து ஏழுக்கு ஒன்று என்று மேடையில் முழங்கலாம். அது அரைக் கணக்கு. சுகாதாரம் மாநிலப் பொறுப்பு, பெரும் பகுதிச் செலவு மாநில பட்ஜெட்டில் இருக்கிறது. பாதுகாப்புச் செலவில் கணிசமான பகுதி ஓய்வூதியம். சீனாவும் பாகிஸ்தானும் எல்லையில் இருப்பதும் உண்மை. நான் கேட்பது வேறு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு மாத்திரை குறைந்தால் உள்ளூர் நிருபர் எழுதுகிறார், எழுத வேண்டும். பல்லாயிரம் கோடிக்கு வாங்கிய தளவாடம் எத்தனை ஆண்டு தாமதமாக வந்தது, வந்தது வேலை செய்ததா என்பதை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? அது ரகசியம் என்று நினைக்காதீர்கள். மத்திய தணிக்கைத் துறையான சி.ஏ.ஜி. பாதுகாப்புத் துறை பற்றிய அறிக்கைகளை நாடாளுமன்றத்தில் வைக்கிறது. சுகாதாரத் திட்டங்கள் பற்றிய அறிக்கைகளும் அப்படியே வைக்கப்படுகின்றன.

இங்கே வந்திருக்கும் கல்லூரி மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பிப்ரவரி 1-ஆம் தேதி பட்ஜெட் வரும்போது ஒதுக்கீட்டுத் தொகையோடு நின்றுவிடாதீர்கள். இந்த இரண்டு வகை அறிக்கைகளிலும் ஒவ்வொன்றை எடுத்துப் படித்து, அதே மூன்று கேள்வியை இரண்டிடமும் கேட்டு, கிடைத்த பதிலை இந்த வாசகர் கூட்டத்தில் வந்து பேசுங்கள். கேட்க நான் வருகிறேன்.